உறுப்பினர் அல்லாதோர்

எங்கள் சொசைட்டி நன்றாக நடக்கிறது. இதை யாரிடமாவது சொல்லும்போது வாய் சற்றுத் தயங்குவது ஏன் என்று கொஞ்ச காலமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொல்கத்தாவின் பைபாஸ் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து கட்டிக்கொண்ட கூட்டுறவுக் குடியிருப்பு இது. மூன்று பிளாக், நான்கு மாடி. மேல்தொட்டி கழுவும் தேதியைப் பலகையில் எழுதிப்போடுவார்கள். அந்தத் தேதியிலேயே கழுவியும் விடுவார்கள். மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவர் பெயர் பலகைக்கு வராது. செயலாளர் படியேறிப் போய், அவர் வீட்டிலேயே ஒரு டீ குடித்துவிட்டுப் பணத்தையும் வாங்கிவந்துவிடுவார். இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்கு மூச்சுத் திணறினால் நாலு கதவு திறக்கும். ஒருவர் ஆம்புலன்சுக்குப் பேசுவார், ஒருவர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வருவார், ஒருவர் மருத்துவமனையில் கட்ட வேண்டிய முன்பணத்தோடு செருப்புக்கூடப் போடாமல் இறங்குவார். மாலையில் வீடுகளுக்குள்ளிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கு ஊதும் சத்தம் வரும். சாம்பிராணிப் புகையும் கடுகெண்ணெயில் பொரியும் மீனின் வாசனையும் படிக்கட்டில் கலந்து நிற்கும், அதில் எங்கள் வீட்டு ரசமும் சேர்ந்துகொள்ளும். இத்தனை வருடத்தில் ஒருவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. அக்கம்பக்கம் இப்படி வாய்ப்பது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பொதுக்குழுவில் எல்லாத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறி, சிங்காராவும் டீயும் முடிந்து, மடக்கு நாற்காலிகளை அடுக்கிவிட்டுப் படியேறும்போது ஏதோ ஒன்று கணக்கில் ஏறாமல் நிற்பதாகத் தோன்றுகிறது. ஐந்தொகை சரியாக வருகிறது. சரியாக வருவதுதான் உறுத்துகிறது.

எங்களிடம் இரண்டு நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று அலுவலக அறையின் இரும்பு அலமாரியில், துணி அட்டை போட்ட உறுப்பினர் பதிவேடு. மற்றொன்று கேட்டில் தர்வானின் ஸ்டூல் மேல், மூலை சுருண்ட வருகைப் பதிவு. பதிவேட்டில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் ஒரே ஒரு ஓட்டு. பெரிய வீட்டுக்காரருக்கும் சின்ன வீட்டுக்காரருக்கும் ஒன்றுதான். புரோமோட்டர்கள் கட்டிய கட்டடங்களில் பரப்பளவுக்கேற்பப் பங்கு, பங்குக்கேற்பச் செலவு என்று ஒரு கணக்கு உண்டு. கூட்டுறவின் ஓட்டில் அது செல்லாது. இதைவிட நாகரிகமான ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பதிவேட்டைப் புரட்டினால் பாதிப் பேர் இங்கே இல்லை. சிலர் இறந்துபோய் வாரிசின் பெயர் ஏறியிருக்கிறது. வாரிசு பெங்களூரில், புனேயில், நியூஜெர்சியில். 2001இல் 45.73 லட்சமாக இருந்த கொல்கத்தா மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 44.97 லட்சமாகக் குறைந்திருந்தது. இந்தியாவின் பெருநகரங்கள் வீங்கிக்கொண்டிருந்த பத்தாண்டில் இந்த நகரம் இளைத்திருக்கிறது. அந்த இளைப்பை எங்கள் பிளாக்கில் பூட்டிய கதவுகளாக எண்ணிவிடலாம். பூட்டாத கதவுகள் சிலவற்றுக்குப் பின்னால் வாடகைக்கு இருப்பவர்கள். தொட்டி நிறைந்து வழிகிறது என்று முதலில் ஓடிவந்து சொல்வது அவர்கள்தான். பொதுக்குழுவுக்கு மட்டும் வர முடியாது. கேட்டு நோட்டில் இருப்பவர்களோ விடியும் முன் கேனிங் லோக்கல் ரயில் பிடித்து வருகிற பெண்கள், பேப்பர் போடுகிறவர், குப்பை வண்டிக்காரர், பிளம்பர். குடியிருப்பின் ஒரு நாளை ஓட்டிச் செல்கிறவர்களின் பெயர்கள் ஒரு நோட்டில். அதன் போக்கைத் தீர்மானிக்கிறவர்களின் பெயர்கள் இன்னொரு நோட்டில். இரண்டிலும் இருக்கிற பெயர் ஒன்றுகூட இல்லை.

இதில் என்ன புதுமை, எந்த ஊர் அபார்ட்மென்டில் இப்படி இல்லை என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் நான் வளர்ந்தது வேறு மாதிரி ஒரு கொல்கத்தாவில், அல்லது அப்படி நம்பிக்கொண்டிருக்கிறேன். அப்பாவின் தலைமுறைத் தமிழர்கள் இங்கே கணக்கெழுதவும் சுருக்கெழுத்துக்கும் வந்தவர்கள். லேக் மார்க்கெட்டைச் சுற்றி, ராஷ்பிஹாரி அவென்யூவின் கிளைத் தெருக்களில், வங்காளிகளின் வீட்டில் கீழ்த்தளத்திலோ பின்கட்டிலோ வாடகைக்கு இருந்தார்கள். நேஷனல் ஹைஸ்கூல், பாரதி தமிழ்ச் சங்கம், ரசிக ரஞ்சன சபா எல்லாம் அந்த வாடகைக்காரர்கள் உண்டாக்கியவை. எந்தப் பதிவேட்டிலும் அவர்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் பூஜைக்குச் சந்தா கேட்டு வருகிற பையன்கள் அவர்கள் வீட்டைத் தாண்டிப் போனதில்லை. பாடா என்று இங்கே சொல்லப்படுகிற அந்த நாலு தெருவுக்கு, யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்பது தெரியும். இதைப் பொற்காலமாக எழுத எனக்கு விருப்பமில்லை. பாடா எல்லாவற்றையும் வேவும் பார்த்தது. எந்தப் பெண் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாள் என்பது திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிளப்பின் சந்தா சில இடங்களில் வேண்டுகோளாக இருந்தது, சில இடங்களில் அப்படி இருக்கவில்லை. சொல்ல வந்தது இவ்வளவுதான்: அங்கே அக்கம்பக்கம் என்பது எங்கே முடிகிறது என்று யாருக்கும் திட்டமாகத் தெரியாது. தெருமுனை இஸ்திரிக்காரர் உள்ளே இருந்தாரா வெளியே இருந்தாரா என்று கேட்டால் பதில் வராது. எங்கள் சொசைட்டியில் கேட்டால் வரும்.

எல்லை எங்கே என்று காட்டுகிற மதிலைக் குறை சொல்வதும் சுலபம். அதிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. எல்லோரையும் உள்ளே விட்டுக்கொண்டு தொடங்கிய கூட்டுறவு ஏதாவது உண்டா? 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் நெசவாளர்களும் மற்றவர்களுமாக இருபத்தெட்டுப் பேர் கடை போட்டபோது, கலப்பட மாவு விற்கிற வணிகரை வெளியே நிறுத்தினார்கள். அறுபது வருடம் கழித்து அந்த உதாரணத்தைப் பார்த்துத் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியவர்கள் நிறுத்தியது மளிகைக்காரரின் தராசை. கொல்கத்தாவுக்குத் தெற்கே சுந்தரவனத்தில் டேனியல் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1903இல் சதுப்பு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கோசாபாவில் கூட்டுறவுக் கடனும் கூட்டுறவுக் கடையுமாக ஓர் ஊரையே உண்டாக்கினார். 1936இல் சொந்தமாக ஒரு ரூபாய் நோட்டுக்கூட அச்சடித்தார். அங்கே நுழையக் கூடாதவர் வட்டிக்கடைக்காரர். 1932இல் தாகூர் கோசாபாவுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். அவருக்கும் இதில் சொந்த அனுபவம் இருந்தது. பதிசர் என்ற ஊரில் குடியானவர்களுக்காக அவர் நடத்திய வங்கியில் நோபல் பரிசுப் பணத்தைப் போட்டார், அது திரும்பவில்லை. இந்தக் கதைகளிலெல்லாம் கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் உள்ளே இருந்தவர்களைவிட வலுவானவர், அவர்களைச் சுரண்டி வந்தவர். கதவைச் சாத்தாமல் அவரைத் தடுக்க வேறு வழி இருக்கவில்லை. என் சங்கடத்தின் நுனி இங்கேதான் எங்கோ இருக்கிறது என்று படுகிறது. அந்தக் கதவு அப்படியே இருக்கிறது. வெளியே நிற்கிற ஆள்தான் மாறிவிட்டார்.

கொல்கத்தாவின் தென்பகுதிக்கு இது இன்னும் நெருங்கிய கதை. தேசப் பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள், யாதவ்பூர் பக்கம் போர்க்காலத்தில் ராணுவம் கட்டி விட்டுப்போயிருந்த கொட்டகைகளில் 1948 வாக்கில் புகுந்தார்கள்; பிஜய்கட் காலனி அப்படித் தொடங்கியது. அடுத்த இரண்டு வருடங்களில் ஆசாத்கட், நேதாஜி நகர் என்று வரிசையாகக் காலனிகள். பகலில் அளந்து கயிறு கட்டுவார்கள், இரவோடு இரவாக மூங்கிலும் கோரைப் பாயும் வைத்துக் குடிசை எழுந்துவிடும். நிலக்காரரின் தடியாட்களோ போலீசோ வந்தால் பெண்கள் சங்கு ஊதுவார்கள். ஒரு வீட்டுச் சங்கு கேட்டதும் அடுத்த வீட்டுச் சங்கு. பிறகு அரிவாள்மணையும் துடைப்பமுமாக வாசலில் வந்து நிற்பார்கள். காலனிக் கமிட்டிதான் மனையைப் பிரித்தது, பாதைக்கு இடம் விட்டது, குளத்தை ஒதுக்கியது, பள்ளிக்கூடம் கட்டியது. பிஜய்கட்டில் 1950இலேயே ஒரு கல்லூரி வந்துவிட்டது. 1950இல் காலனிகளெல்லாம் சேர்ந்து ஐக்கிய மத்திய அகதிகள் கவுன்சில் ஆயின. இந்த நகரத்தில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து செய்த காரியம் எது என்று கேட்டால் எல்லாரும் முதலில் காட்டுவது இதைத்தான்; நானும் அப்படியே. எங்கள் மாலைச் சங்கைக் கேட்கும்போது சில நாள் அது ஞாபகம் வரும். ஆனால் அந்தக் கமிட்டிகளிலும் பட்டியல் இருந்தது. பெயரைச் சேர்ப்பதும் விடுவதும் படித்த நடுத்தர வர்க்கத்தார் கையில் இருந்தது. கீழ்ச்சாதி அகதிகளில் பலர் காலனிகளுக்கு வராமல் முகாம்களிலேயே கிடந்தார்கள்; பலர் தண்டகாரண்யத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பிடிக்கப்பட்ட நிலத்தில் கொஞ்சம் அங்கே பயிர் வைத்திருந்த ஏழை முஸ்லிம்களுடையது. தனக்கு மேலே இருப்பவனை எதிர்த்துத் திரண்டவர்கள் அதே வேகத்தில் கீழே இருப்பவனையும் தள்ளிவிட முடியும். அதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை, அவசரம் போதும்.

2020 மே மாதத்தில் ஒரு வாரம் எனக்கு மறப்பதில்லை. கொரோனாவுக்குப் பயந்து நாடெங்கும் குடியிருப்புகளில் நர்சுகளையும் டாக்டர்களையும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். எங்கள் கேட்டிலும் வேலைக்கு வருகிற பெண்களை நிறுத்தியிருந்தோம். அது அரசாங்கத்தின் உத்தரவு என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. அந்த மாத நடுவில் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளில் வேலை பார்த்த மணிப்பூர்ச் செவிலியர் 185 பேர் வேலையை விட்டு ஊர் திரும்பினார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, அக்கம்பக்கத்தார் தங்களை நடத்திய விதம். சில நாள்தான் ஆகியிருக்கும், மே 20 மாலை ஆம்பன் புயல் நகரத்தின் மேலேயே வந்தது. இரவு முழுக்க ஜன்னல் கண்ணாடிகள் எங்கெங்கோ உடைகிற சத்தம். காலையில் பார்த்தால் நகரத்தில் ஆயிரக்கணக்கில் மரங்கள் சாய்ந்து கிடந்தன. தெற்கு, கிழக்குப் பகுதிகள் பலவற்றில் நாலைந்து நாள் மின்சாரம் இல்லை. மரங்களை அகற்ற 23ஆம் தேதி ராணுவத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது. அடுக்கு வீட்டில் மின்சாரம் போனால் முதலில் போவது வெளிச்சம் அல்ல, தண்ணீர். எங்களில் அறுபது, எழுபது வயதுக்காரர்கள் வரிசையாகப் படிக்கட்டில் நின்று கீழ்த்தொட்டியிலிருந்து வாளி வாளியாய்க் கைமாற்றி மேலே ஏற்றினோம். முகக்கவசத்தின் மேல் வியர்வை, யாரோ சத்தம் போட்டுப் பழைய ஃபுட்பால் கதை சொல்ல, படிக்கட்டு முழுக்கச் சிரிப்பு. அதைவிட நல்ல நாட்கள் இந்தக் குடியிருப்பில் எனக்கு வாய்த்ததில்லை. கேட்டில் நிறுத்தியவர்களும் வாளி தூக்கியவர்களும் ஒரே ஆட்கள் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது? கெட்டவர்கள் நர்சை விரட்டினார்கள், நல்லவர்கள் வாளி தூக்கினார்கள் என்றால் நிம்மதியாக இருக்கலாம். அப்படி இல்லை. ஒருவரையொருவர் காப்பாற்ற வேண்டும் என்ற அதே துடிப்புதான் இரண்டு இடத்திலும் வேலை செய்தது என்று நினைக்கிறேன். வாளி தூக்கிய கைக்கு யாருடைய வாளி என்பது தெரிந்திருந்தது.

இதற்கு எதிர்ச்சாட்சியாக நகரத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு இரவு இருக்கிறது. 2011 டிசம்பர் 9 விடிவதற்கு முன் தாகுரியாவில் ஆம்ரி மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. கண்ணாடி போர்த்திய கட்டடம், ஏசி குழாய்கள் வழியாகப் புகை மேலே ஏறியது. பக்கத்திலேயே பஞ்சானன்தலா குடிசைப் பகுதி. புகையை முதலில் பார்த்து ஓடிவந்தவர்கள் அங்கே இருந்தவர்கள்; காவலாளிகள் அவர்களை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினார்கள் என்பது அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. பிறகு அவர்கள் மூங்கிலும் கயிறும் கொண்டுவந்து, கண்ணாடியை உடைத்து, படுக்கையோடு படுக்கையாக நோயாளிகளை இறக்கினார்கள். தொண்ணூறு பேர் அளவில் இறந்தார்கள். உயிரோடு வெளியே வந்தவர்களில் பலர், பகலில் அந்தக் கேட்டுக்குள் நுழைய முடியாதவர்களின் தோளில் வந்தார்கள். பஞ்சானன்தலாக்காரர்களிடம் உறுப்பினர் பதிவேடு இல்லை, செயலாளர் இல்லை, தீ விபத்துக்கான உபகுழு இல்லை. இதைச் சொல்லி ஏழைகள் எல்லாரும் நல்லவர்கள் என்று முடிக்க முடியாது. அங்கேயும் தண்ணீர் லாரிக்கு முன்னால் சண்டை நடக்கும். எனக்குப் புரியாதது வேறு. அந்தக் காவலாளி தன் கடமையைச் சரியாகச் செய்தார். ஊர்பேர் தெரியாத கும்பல் ஒன்று இரவு மூன்று மணிக்கு மேல் கேட்டில் வந்து கத்தினால் உள்ளே விடாதே என்றுதான் எந்த நிர்வாகமும் சொல்லியிருக்கும். எங்கள் தர்வானுக்கும் நாங்கள் சொல்லியிருப்பது அதுதான்.

மதில் எதைத் தடுக்கிறது என்று பார்த்தால், தண்ணீரையும் கொசுவையும் தடுக்கவில்லை. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு சில நூறு மீட்டருக்கு மேல் பறப்பதில்லை என்கிறார்கள். எங்கள் குடியிருப்பு, பக்கத்துப் பள்ளிக்கூடம், டயர் கடை, ரயில்வே நிலத்துக் குடிசைகள், பாதி கட்டி நிற்கிற ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழி எல்லாம் அதற்கு ஒரே ஊர். நாங்கள் பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்த்து வைக்கிறோம், கொசு மருந்துக்குத் தீர்மானம் போடுகிறோம், டயர் கடைக்காரரைக் கூட்டத்துக்குக் கூப்பிட வழியில்லை. இந்த நகரத்தின் நிலம் ஆற்றிலிருந்து கிழக்கே சரிகிறது. மழைத் தண்ணீரும் சாக்கடையும் ஹூக்ளிக்குப் போகாமல் எங்கள் பக்கம் வந்து, எங்களைத் தாண்டிச் சதுப்பு நிலங்களுக்குப் போக வேண்டும். துருபஜோதி கோஷ் என்ற பொறியாளர் 1980களில் இந்தக் கழிவுநீர் எங்கேதான் போகிறது என்று தேடிக்கொண்டு போனார். மீனவர்களும் உழவர்களும் அந்தச் சாக்கடையை வெயிலிலும் பாசியிலும் தெளியவைத்து அதில் மீன் வளர்க்கிறார்கள், கரையில் காய்கறி பயிரிடுகிறார்கள் என்று உலகத்துக்குச் சொன்னவர் அவர். பப்ளிக் என்ற குடிமக்கள் அமைப்பு வழக்குப் போட்டு 1992இல் உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கியதால்தான் மிச்சம் இருப்பது மிச்சம் இருக்கிறது. 2002இல் அந்தச் சதுப்பு நிலங்களில் 12,500 ஹெக்டேர், ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. எங்கள் வீட்டுக் கழிவைச் சுத்தம் செய்கிற அந்த மீனவர்கள் எங்கள் அக்கம்பக்கத்தாரா என்று கேட்டால் சிரிப்பார்கள். இந்தப் பக்கத்துக் குடியிருப்புகளில் எத்தனை, நிரப்பிய தண்ணீரின் மேல் நிற்கின்றன என்பதை நினைத்தால் எனக்கும் சிரிப்பு வரும். சால்ட்லேக்கையே 1962இலிருந்து ஆற்று வண்டலைக் குழாயில் கொண்டுவந்து கொட்டித்தான் எழுப்பினார்கள். சாப்பிடுகிற மீனும் அங்கிருந்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமை ருய் மீன் விலையைப் பற்றி எங்கள் மாடியில் நடக்கிற விவாதத்தில் அது எந்தச் சாக்கடையில் வளர்ந்தது என்ற பேச்சே எழாது.

குளங்கள் விஷயம் இன்னும் வேடிக்கை. ஐந்து காட்டா, அதாவது 3,600 சதுர அடி, அதற்கு மேற்பட்ட எந்த நீர்நிலையையும் நிரப்பக் கூடாது என்று மேற்கு வங்கத்தில் 1993 முதல் சட்டம் இருக்கிறது. நகரத்தின் குளங்களைப் பற்றி மோஹித் ராய் எழுதிய புத்தகத்தின் தலைப்பு அவற்றை ஐயாயிரம் கண்ணாடிகள் என்கிறது. அந்தக் கண்ணாடிகள் எப்படி மறைகின்றன என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். முதலில் ஒரு மூலையில் குப்பை விழும், ஆகாயத்தாமரை படரும், பிறகு இரவில் ஒரு லாரி ராபிஷ். இடித்த செங்கல், உடைந்த டைல்ஸ், பழைய வாஷ்பேசின் எல்லாவற்றுக்கும் இங்கே ராபிஷ் என்று பெயர். அது எங்கிருந்து வருகிறது? குளியலறையைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு வீட்டிலிருந்தும். அள்ளிப்போக ஆள் வருவார், பேரம் பேசுவோம், எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்கிற வழக்கம் இல்லை. குளத்தைக் காப்பாற்றக் கையெழுத்து இயக்கம் நடத்துகிற குடியிருப்பின் ராபிஷ் அடுத்த வார்டின் குளத்தில் விழுந்திருக்கலாம். 2025 ஜனவரி 14 அன்று பாகாஜதீனில் வித்யாசாகர் காலனியில் நான்கு மாடி வீடு ஒன்று பட்டப்பகலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. ஏற்கெனவே சாய்ந்திருந்ததை ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். குடியிருந்தவர்கள் முன்பே வெளியேறியிருந்ததால் உயிர் போகவில்லை. அதே வருடம் செப்டம்பர் 23 அன்று, பூஜைக்குச் சில நாள் முன்னால், ஒரே நாளுக்குள் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. நகரிலும் சுற்றிலும் குறைந்தது பத்துப் பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து. எங்கள் கேட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. முந்தைய வருடம் வளாகத்தின் தரையை உயர்த்தியிருந்தோம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தரையை உயர்த்தினால் அங்கே தேங்கிக்கொண்டிருந்த தண்ணீர் இனி எங்கே தேங்கும் என்பது நிகழ்ச்சிநிரலில் இல்லை.

யாரைச் சேர்ப்பது, யாரை வெளியே நிறுத்துவது என்பதில் சட்டம் எங்களுக்குப் பக்கபலமாகத்தான் இருக்கிறது. 2005இல் ஆமதாபாதில் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் இடம் என்று வைத்துக்கொள்வது சங்கத்தின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. குறைந்துகொண்டே வரும் ஒரு சமூகம் சேர்ந்து வாழ ஆசைப்படுவதில் எனக்குப் பிழை தெரியவில்லை. ஆனால் அதே தீர்ப்பை வைத்து யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் வெளியே நிறுத்தலாம். நகரத்தில் வாடகைக்கு வீடு தேடிய எந்த முஸ்லிம் நண்பரைக் கேட்டாலும், அதற்குத் தீர்ப்பே தேவைப்படவில்லை என்பார். கூட்டுறவுச் சங்கம் அமைப்பதை அரசியல் சாசனத்தின் 97ஆவது திருத்தம் அடிப்படை உரிமையாக்கிவிட்டது. அந்தச் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிற உரிமையை அப்படிச் சுலபமாக எழுதிவிட முடியாது போலிருக்கிறது. 2024 செப்டம்பர் 4 இரவு ஒன்பது மணிக்கு, ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பெண் மருத்துவருக்கு நீதி கேட்டு நகரம் விளக்கை அணைத்தபோது நாங்களும் அணைத்துவிட்டு மெழுகுவத்தியோடு கேட்டுக்கு வெளியே போய் நின்றோம். எதிர்ச்சாரியிலிருந்தும் பெண்கள் வந்தார்கள். டீக்கடைக்காரர் தன் ஒற்றை பல்பை அணைத்தார். மதில் இருந்த இடம் ஒரு மணி நேரம் இருட்டாக இருந்தது. மறுநாள் காலை அதே பெண்கள் கேட்டு நோட்டில் கையெழுத்துப் போட்டு, பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே வந்தார்கள். பையைப் பார்ப்பதை நிறுத்தலாமே என்று கமிட்டியில் சொன்னேன். பார்ப்பது அவர்களுக்கும் பாதுகாப்புதான், நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் அவர்கள்மேல் பழி வராதே என்றார் ஒருவர். சாமர்த்தியமான பதில், அதில் உண்மையும் கொஞ்சம் இருப்பதுதான் கஷ்டம்.

இப்போது ஒரு யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. இளைய உறுப்பினர் ஒருவர் சொன்னது: எங்கள் தொட்டியிலிருந்து மதிலுக்கு வெளியே ஒரு குழாய் இழுத்துவிடலாம், காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி. வெளியே ரிக்‌ஷாக்காரர்களும் கடைக்காரர்களும் மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்துக்குத் தவம் கிடக்கிறார்கள். பொருளாளர், ஓய்வுபெற்ற தணிக்கையாளர், நாங்கள் எல்லாரும் தாதா என்று கூப்பிடுகிறவர், மறுத்தார். கல்நெஞ்சக்காரர் இல்லை, படிக்கட்டில் வாளி தூக்கியவர்களில் மூத்தவர். உறுப்பினர் பணத்தை உறுப்பினர் அல்லாதவருக்குச் செலவிட விதியில் இடமில்லை, பம்பு ஓடுகிற மின்கட்டணம் யார் தலையில், நிலத்தடி நீர் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கிறது, ஒருமுறை கொடுத்ததை மூட முடியாது என்று விரல் மடக்கினார். ஒவ்வொன்றும் நியாயம். நான் குழாயின் பக்கம் பேசினேன். வீட்டுக்கு வந்து பெருமையாக மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட, எங்கள் வீட்டு வேலைக்கு வருகிற மாஷி, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவர், திரும்பாமலே சொன்னார்: "குழாய் கிடக்கட்டும் காகு, நாங்க போக ஒரு கக்கூஸ் இருந்தா போதும். கேனிங்ல ஏறினா மத்தியானம் திரும்பற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்கோம். நாலு வீட்டு வேலை." கீழே பிளாக் மூலையில் தர்வானுக்கென்று ஒன்று இருக்கிறது, பெண்கள் போக முடியாதபடி. இத்தனை வருடக் கூட்டங்களில் பேசாத விஷயம் ஏதாவது உண்டா என்றால் இது ஒன்று. விதிப்படி தீர்மானத்தை ஓர் உறுப்பினர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். மாஷி இரண்டையும் செய்ய முடியாது. முன்மொழிந்து எழுதிக் கொடுத்துவிட்டேன். வழிமொழியக் கேட்டு பி பிளாக்கில் மூன்று வீட்டுக்குப் போனேன். ஒருவர் பிளம்பிங் செலவைக் கேட்டார், ஒருவர் கீழ்த்தளத்துக்காரர்கள் நாற்றம் வரும் என்பார்களே என்றார். தாதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இதற்கு எந்தத் தலைப்பில் செலவெழுதுவது என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில், தலைப்பு ஒன்று கிடைத்தால் கையெழுத்துப் போடுவார் என்று தோன்றியது. பொதுக்குழு செப்டம்பரில்.